வில்லங்கம் பார்க்கும் தங்கமணி

லண்டன் பக்கம் ஹாரோவில் இருக்கும் என் மாமா பையன் போன மாசம் ஃபோனில், "மாப்ளே, கம்பெனி வேலையை விட்டுட்டேன். இப்ப நான் கன்சல்டன்ட் சொலிசிட்டர்" என்றான். குரலில் ஒரு மிதப்பு. சம்பளம் கிடையாது, ஆபீஸ் கிடையாது, கேட்பாரும் கிடையாது. ஒரு சட்ட நிறுவனத்தின் பெயரின் கீழே தன் கட்சிக்காரர்களின் வேலையைத் தானே பார்ப்பான். வரும் ஃபீஸில் பெரும் பங்கு அவனுக்கு, மிச்சம் நிறுவனத்துக்கு. இன்ஷூரன்ஸ், கணக்கு வழக்கு, கம்ப்யூட்டர் சமாசாரம் எல்லாம் அவர்கள் பாடு. அங்கே 2002லேயே கீஸ்டோன் லா என்று ஒரு நிறுவனம் இந்த முறையில் ஆரம்பித்துவிட்டதாம். 2019 நவம்பரில் அவர்களுடைய கட்டுப்பாட்டு ஆணையம் விதிகளை மாற்றி, நிறுவனமே இல்லாமல் 'ஃப்ரீலான்ஸ் சொலிசிட்டர்' ஆகவும் வழி செய்துவிட்டது.

எல்லாம் கேட்டுவிட்டு, "இதைத்தானே மாப்ளே எங்க வீட்டம்மா இங்க டைனிங் டேபிள்ல பண்ணிட்டிருக்கா" என்றேன். அவன் நம்பவில்லை. அதான் இதை எழுத உட்கார்ந்தேன். வேலையை விட்டுட்டுத் தனியா பிராக்டிஸ் பண்ணலாமா என்று பெங்களூருக்கு வந்த நம்ம பசங்க (பெண்கள்தான் அதிகம்) இரண்டு மூன்று பேர் தங்கமணியிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவளுக்கு உட்கார்ந்து எழுத நேரமில்லை. வங்கியில் ஆணி பிடுங்கி முடித்து வந்து எழுத எனக்குத்தான் நேரம் இருக்கிறதாம் :-)

முதலில் பெயரைச் சரி செய்துவிடுவோம். நம் நாட்டில் சொலிசிட்டர் என்று தனி ஜாதி இப்போது கிடையாது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் அட்டர்னி என்று ஒரு பிரிவு இருந்தது. 1976இல் வக்கீல்கள் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாரும் அட்வகேட்தான். கோர்ட்டில் நின்று வாதாடுகிறவரும், கோர்ட் வாசலையே மிதிக்காமல் பத்திரம் மட்டும் எழுதுகிறவரும் ஒரே பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

தங்கமணி இரண்டாவது ரகம். சேலத்தில் சட்டம் படித்து, 2006இல் சென்னையில் பதிவு செய்து, ஈரோட்டில் ஒரு சீனியரிடம் இரண்டு வருஷம் கட்டுத் தூக்கினாள். கல்யாணம். 2010இல் எனக்கு பெங்களூருக்கு மாற்றல். வக்கீல் பதிவை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ள வக்கீல்கள் சட்டம் 18ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது, அதற்குக் கட்டணமும் கிடையாது. மாற்றிக்கொண்டு, இங்கே ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்தாள். ஒன்பது வருஷம்.

அந்த ஒன்பது வருஷத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பார் கவுன்சில் விதி 49 என்ன சொல்கிறது தெரியுமா? பிராக்டிஸ் செய்கிற வக்கீல் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. சம்பளத்துக்குப் போனால் பார் கவுன்சிலுக்குச் சொல்லிவிட்டுப் பிராக்டிஸை நிறுத்த வேண்டும். எங்கள் வங்கி மாதிரி இடங்களில் லா ஆபீசராகச் சேருபவர்கள் அப்படித்தான் கறுப்புக் கோட்டை மடித்து வைத்துவிட்டு வருகிறார்கள். அப்படியானால் சட்ட நிறுவனங்களில் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை வேலை செய்கிற ஆயிரக்கணக்கான பிள்ளைகள் யார்? காகிதத்தில் அவர்கள் ஊழியர்கள் இல்லை. ரீடெயினர் வாங்கும் சுயதொழில்காரர்கள். பிடித்தம் 10 சதவீதம், தொழில்முறைக் கட்டணத்துக்குப் பிடிக்கும் கணக்கில். பி.எஃப். இல்லை. கிராச்சுவிட்டி இல்லை.

2014இல் பையன் பிறந்தபோதுதான் இதன் முழு அர்த்தம் எங்களுக்கு உறைத்தது. எங்கள் கிளையில் இருந்த கிளார்க் பெண்ணுக்குப் பேறுகால விடுப்பு, முழுச் சம்பளம். என் பெண்டாட்டிக்கு, "எப்ப வேணும்னாலும் திரும்பி வாங்க மேடம், உங்க சீட் இருக்கும்" என்ற அன்பான வார்த்தை மட்டும். 2017இல் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக ஆக்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் அது ஊழியர்களுக்கான சட்டம். இவள்தான் ஊழியரே இல்லையே.

ஆக, 2019இல் அவள் "நான் தனியா பண்ணப் போறேனுங்க" என்றபோது நான் போட்ட கணக்கு ரொம்பச் சின்னது. சுயதொழிலின் கஷ்டம் அத்தனையும் ஏற்கெனவே அவள் தலையில்தான் இருந்தது. இல்லாமல் இருந்தது அதன் ஒரே சுகமான சுதந்திரம் மட்டும். ஊரிலிருந்து அப்பா ஃபோனில், "அம்மிணி, மாசம் பொறந்தா வர்ற காசை விடறியே சாமி" என்று வருத்தப்பட்டார். அவர் கவலை நியாயம்தான். வீட்டுக் கடனில் மாதத் தவணை இருவர் வருமானத்தையும் சேர்த்துப் போட்டது. எனக்கு வேறு அந்தச் சமயம் துமகூரு மாற்றல். பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஐந்து.

சரி, என்ன வேலை செய்கிறாள்? நீங்கள் பெங்களூரில் வீடோ மனையோ வாங்க வங்கிக் கடன் கேட்டால், வங்கி உங்கள் பத்திரங்களைத் தன் பட்டியலில் உள்ள ஒரு வக்கீலிடம் அனுப்பும். பேனல் அட்வகேட் என்பது அவரைத்தான். அவர் மூலப்பத்திரத்திலிருந்து ஆரம்பித்து, கை மாறிய ஒவ்வொரு பத்திரமும் சங்கிலி அறுபடாமல் வந்திருக்கிறதா என்று பார்த்து ரிப்போர்ட் தருவார். சாதாரணமாக 30 வருஷத்துக்குப் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். ஏன் 30 என்று கேட்டால், காலவரையறைச் சட்டப்படி அடமானம் வைத்தவர் சொத்தை மீட்க 30 வருஷம் அவகாசம் இருக்கிறது என்பார்கள்.

வங்கிப் பேனல் வேலை பாதி. மீதி, தனி ஆட்களுக்கு. துபாயிலும் நியூஜெர்சியிலும் இருக்கும் நம்ம ஆட்கள் பெங்களூரில் அபார்ட்மெண்ட் வாங்கும்போது, முன்பணம் கொடுக்கும் முன்னால் பத்திரங்களைப் பார்த்துச் சொல்வது. உயில், பவர், வாடகை ஒப்பந்தம் எழுதுவது. இதற்கெல்லாம் கோர்ட் வேண்டாம், ஆபீஸ் வேண்டாம். ஒரு மேஜை, ஒரு ஸ்கேனர், மாசத்தில் நாலைந்து நாள் சப்‑ரிஜிஸ்திரார் ஆபீஸ் அலைச்சல், அவ்வளவுதான்.

கூடவே கன்னடம் படிக்கத் தெரிய வேண்டும். பேசத் தெரிந்தால் போதாது. பழைய பத்திரங்கள் கையெழுத்தில் இருக்கும். நிறுவனத்தில் இருந்த காலத்திலேயே மல்லேஸ்வரத்தில் ஓய்வு பெற்ற ஒரு பத்திர எழுத்தரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். நமக்கு ஒரு வசதி, பாதி வார்த்தைகள் நம்ம ஊர்ப் பத்திரத்தில் உள்ளவைதான். கிரயம் அங்கேயும் கிரயம், போக்கியம் அங்கேயும் போக்கியம். ஆனால் பட்டா எங்கே என்று தேடினால் கிடைக்காது. இங்கே பஹணி, காத்தா. நாம் சென்ட் கணக்கில் பேசுவோம், இவர்கள் குண்டே. ஒரு குண்டே இரண்டரை சென்ட், 40 குண்டே ஒரு ஏக்கர். வருவாய்த் துறையின் ஹோப்ளி அளவிலான ஆபீசுக்கு நாடகச்சேரி என்று பெயர். முதல்முறை போர்டைப் பார்த்தபோது ஏதோ நாடக சபா போலிருக்கிறது என்று நினைத்தேன். சில நாள் அங்கே வரிசையில் நின்று பார்த்தால் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதல் வருஷத்தைச் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் பலர் கவிழ்கிறார்கள். ஆரம்பித்து எட்டு மாசம்கூட ஆகவில்லை, 2020 மார்ச்சில் ஊரடங்கு. பதிவு அலுவலகம் மூடல், கடன் விண்ணப்பம் இல்லை, ஃபைல் இல்லை. மூன்று மாசத்துக்கு அவள் கணக்கில் ஒரு பைசா வரவில்லை. வந்திருக்க வேண்டிய பழைய பாக்கிகளும் வரவில்லை. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னது. கவுன்ட்டரில் நூறு பேருக்கு அதை விளக்கினேன், வீட்டில் எடுக்கவில்லை. தள்ளிப்போட்டாலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். வேலையை விடும் முன்பே ஆறு தவணைக்கான தொகையை வைப்பு நிதியில் போட வேண்டும் என்பது நான் வைத்த ஒரே நிபந்தனை. அது காப்பாற்றியது.

பணம் பற்றி இன்னும் கொஞ்சம். பி.காம் படித்தவன் கையில் மைக் கிடைத்தால் விடுவானா!

அவளுக்கு இரண்டு கணக்கு. ஃபீஸ் எல்லாம் ஒன்றில் விழும். அதிலிருந்து மாசம் 1ஆம் தேதி ஒரு நிலையான தொகை வீட்டுக் கணக்குக்கு வரும். ஏப்ரலில் ஃபைல் இல்லாவிட்டாலும் அதே தொகை, மார்ச்சில் கொட்டினாலும் அதே தொகை. அவளுக்கு அவளே கொடுத்துக்கொள்ளும் சம்பளம் அது. வங்கிகள் பில்லைக் கொடுக்க மூன்று நாலு மாசம் இழுப்பது சகஜம், நாங்களும்தான். ஒவ்வொரு வரவிலும் ஒரு பங்கு வரிக்கு என்று ஒதுங்கிவிட வேண்டும். தொழில்முறை ஆட்களுக்காக 2016இல் வருமானவரிச் சட்டத்தில் 44ஏடிஏ என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்தார்கள். மொத்த வரவில் பாதியை லாபம் என்று காட்டி வரி கட்டிவிட்டால் செலவுக் கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை. வரம்பு 50 லட்சம், பெரும்பாலும் வங்கி வழியாகவே வாங்குகிறவர்களுக்கு 2023இல் 75 லட்சமாக உயர்ந்தது. வாடகை ஆபீஸ் இல்லாமல் வீட்டு மேஜையில் வேலை செய்பவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஜிஎஸ்டியிலும் தனி வக்கீலுக்குப் பெரிய தலைவலி இல்லை. பெரிய வியாபார நிறுவனத்துக்குச் செய்யும் வேலைக்கு வரியை அந்த நிறுவனமே கட்ட வேண்டும், ரிவர்ஸ் சார்ஜ்.

ஆனால் கடன் வேண்டும் என்றால் கதை வேறு. சுயதொழில்காரர் என்றால் மூன்று வருஷ ரிட்டர்ன் கொண்டா என்போம். வக்கீல் என்றால் சில இடங்களில் மேலாளர் இன்னும் கொஞ்சம் யோசிப்பார். போலீஸ், பத்திரிகைக்காரர், அரசியல்வாதி, வக்கீல் இந்த நாலு பேருக்கும் கொடுத்தால் வசூல் கஷ்டம் என்பது வங்கி வட்டாரத்தில் ரொம்பப் பழைய நம்பிக்கை. எங்கேயும் எழுதி வைக்க மாட்டார்கள். ஐம்பது லட்சம், ஒரு கோடிக் கடனுக்கு ஒரு வக்கீலின் கையெழுத்தை நம்பிப் பணம் கொடுப்போம், அதே வக்கீல் கார் லோன் கேட்டால் தலையைச் சொறிவோம்.

அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு கூலி தெரியுமா? ஒரு ரிப்போர்ட்டுக்கு மூவாயிரம், நாலாயிரம். சிக்கலான சொத்து என்றால் கொஞ்சம் கூட. ஆபத்து எவ்வளவு என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஹைதராபாத்தில் விஜயா வங்கியின் பேனல் வக்கீலாக இருந்த கே. நாராயண ராவ் என்பவரை, தவறான சட்டக் கருத்து கொடுத்து வீட்டுக் கடன் மோசடிக்கு உடந்தையாக இருந்தார் என்று சிபிஐ குற்றவாளிகள் பட்டியலில் சேர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கருத்து தவறாகவோ கவனக்குறைவாகவோ இருந்தது என்பதால் மட்டும் வக்கீலைக் கிரிமினல் சதிகாரர் ஆக்க முடியாது, மோசடிக்காரர்களோடு கூட்டு இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று 2012 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அவர் தப்பினார். ஆனால் அதுவரை அந்த மனிதர் எப்படித் தூங்கியிருப்பார்? தவிர, மோசடியில் சம்பந்தப்பட்ட வக்கீல்கள், மதிப்பீட்டாளர்கள் பெயரை வங்கிகள் சங்கத்துக்கு அனுப்பி எல்லா வங்கிக்கும் சொல்ல வேண்டும் என்று 2009லேயே ரிசர்வ் வங்கி ஏற்பாடு செய்திருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒருமுறை பெயர் வந்தால் பேனல் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், 2022இல் நடந்த ஒரு சமாசாரத்துக்கு வருகிறேன்.

ஆனேக்கல் பக்கம் ஒரு லேஅவுட். ஒரு வங்கி (எங்கள் வங்கி இல்லை) ஃபைல் அனுப்பியது. மனை வாங்குபவர்கள் திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பம், இருவரும் ஐ.டி. காகிதங்கள் வரிசையாக, அழகாக இருந்தன. பரம்பரை நிலம், பெரியவர் 2009இல் காலம் ஆனார். வம்ச விருட்சம் என்று இங்கே ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள், நம்ம ஊர் வாரிசுச் சான்று மாதிரி. அதில் மனைவி, இரண்டு மகன்கள். மூவர் பெயருக்கும் காத்தா மாறி, 2013இல் மூவரும் கையெழுத்துப் போட்டு டெவலப்பருக்குக் கிரயம். நில மாற்று உத்தரவு, பிளான் எல்லாம் உண்டு. அதே லேஅவுட்டில் வேறு மனைகளுக்கு வேறு வக்கீல்கள் ஏற்கெனவே சரி என்று எழுதிக் கொடுத்து, கடனும் கொடுத்தாகிவிட்டது.

வில்லங்கச் சான்றில் 1993இல் ஓர் அடமானம் இருந்தது. 1999இல் அதைத் தீர்த்ததற்கான பதிவும் இருந்தது. தீர்ந்த அடமானத்தை யாரும் தோண்ட மாட்டார்கள், "தீர்க்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். இவள் நகலுக்கு மனுப் போட்டாள். பத்து நாள் கழித்து வந்தது. கையெழுத்துக் கன்னடம். ராத்திரி பதினோரு மணிக்கு டைனிங் டேபிளில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவள், "ஏனுங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். கடன் எதற்கு வாங்கினார் என்று பெரியவர் அதில் சொல்லியிருந்தார். மூத்த மகளின் கல்யாணச் செலவுக்கு.

வம்ச விருட்சத்தில் மகளே இல்லை.

அந்தப் பெண் இறந்திருக்கலாம். எங்கேயாவது விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கலாம். இரண்டுக்கும் காகிதம் இல்லை. எனவே தங்கமணி ரிப்போர்ட்டில், மகள் இருக்கிறாரா என்று தெளிவாக்க வேண்டும், இருந்தால் அவர் கையெழுத்தோடு ஒப்புதல் பத்திரம் பதிவாக வேண்டும், அதுவரை உரிமை சுத்தமானது என்று சொல்ல முடியாது என்று எழுதிவிட்டாள்.

மறுநாளே அந்த வங்கியின் கடன் பிரிவிலிருந்து ஃபோன். நான் அன்று லீவு, பக்கத்தில்தான் இருந்தேன். எதிர்முனையில் இருந்தவர் எரிச்சல்படாமல் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், கர்நாடகாவுல பொண்ணுங்களுக்குப் பங்குன்னு சட்டம் வந்தது 94ல. அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்கு அதுல உரிமை இல்லையே. இந்தப் பொண்ணுக்கு 93ல கல்யாணம்." விஷயம் தெரிந்தவர்தான். நம் தமிழ்நாட்டின் 1989 சட்டத்திலும் இப்படி ஒரு வெட்டு உண்டு. தங்கமணி பொறுமையாகச் சொன்னாள்: 2005இல் மத்திய சட்டத்தைத் திருத்தியபோது கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதமே போய்விட்டது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை, அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்னால் முறையாகப் பாகம் பிரிந்திருந்தால் அது செல்லும். இங்கே அப்படிப் பிரிவினை எதுவும் நடக்கவில்லை. அதெல்லாம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இறந்த அப்பாவின் பங்கில் மகள் முதல் வரிசை வாரிசு.

"சரி மேடம், மத்த வக்கீலுங்க எல்லாம் க்ளியர் பண்ணியிருக்காங்களே?"

"அவங்க அந்த அடமானப் பத்திரத்தைப் பார்க்கலைங்க சார். நான் பார்த்துட்டேனே."

அதற்கு அப்புறம் அந்த வங்கியிலிருந்து ஃபைல் வருவது குறைந்து, இரண்டு மாசத்தில் நின்றேவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பேனலில் பெயர் இருக்கிறது, வருஷா வருஷம் புதுப்பித்தும் விடுகிறார்கள். ஃபைல் மட்டும் வராது. அப்போது அவள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

சுயதொழில் வக்கீல் வாழ்க்கையின் முடிச்சு இதுதான் என்று நான் நினைக்கிறேன். பேனல் வக்கீலை வங்கி சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளாததற்குக் காரணம், அவர் கருத்து வெளி ஆளின் கருத்தாக, சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பது. ஆனால் அடுத்த ஃபைல் வருமா வராதா என்பது கிளை மேலாளரின் மனசில் இருக்கிறது. மேலாளருக்கு மார்ச் இலக்கு. நானே அந்த நாற்காலியில் இருப்பவன்தான், இலக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எங்கள் மேஜைக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் சிலவற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும், போன சொத்தின் பெயர்கூட இரண்டாம் பக்கத்தில் மாறாமல் அப்படியே இருக்கும். அவசரப்படுத்துகிறவர்களும் நாங்கள்தான், பிறகு கோபித்துக்கொள்கிறவர்களும் நாங்கள்தான். சம்பள ஊழியராக இருந்தால் "எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மாசக் கடைசியில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகலாம். இவளுக்கு அது வாய்க்காது. ஒரே கிளையை நம்பி இருந்திருந்தால் அன்று எங்கள் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நாலைந்து இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேலை வரும்படி அவள் முதலிலிருந்தே வைத்துக்கொண்டதால் அந்த வருஷம் ஓடியது. பையனின் கீபோர்டு கிளாஸை நிறுத்தினோம், ஊருக்கு ஒருமுறை கம்மியாகப் போனோம்.

அந்தத் திருவண்ணாமலைக்காரர் பிறகு ஒருநாள் நேரில் வந்தார். முதலில் கோபம்தான். "ரெண்டு லட்சம் அட்வான்ஸ் குடுத்துட்டோம் மேடம், நீங்க பாட்டுக்கு இப்படி எழுதிட்டீங்களே" என்றார். தங்கமணி அந்த 1993 பத்திரத்தை எடுத்து அந்த ஒரு வரியை விரலால் காட்டிப் படித்துச் சொன்னாள். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க அக்கா பேரும் இப்படித்தான் சார் எங்க ஊர்ல விட்டுப் போச்சு" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கும் உடனே பதில் வரவில்லை, கொங்குப் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம். அந்த மனையை அவர்கள் வாங்கினார்களா, வேறு வங்கியில் போனார்களா, அந்த மகள் எங்கே இருக்கிறார், எதுவும் எங்களுக்குத் தெரியாது. லேஅவுட்டில் இப்போது வீடுகள் வந்துவிட்டன.

எங்கள் வங்கி ஃபைலை அவள் தொடுவதில்லை. பேனலுக்கு விண்ணப்பிக்கவும் இல்லை. அவள் தொழில் என்ன என்று நான் எழுத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் அவள் மேஜையில் இருக்கும் காகிதத்தை நான் எடுத்துப் பார்ப்பதும் இல்லை, அந்தப் பதினோரு மணி சமாசாரம்கூடப் பெயர்களை மறைத்துத்தான் காட்டினாள். வீட்டிலிருந்து தொழில் செய்வது என்றால் இந்தக் கோடுகளை எல்லாம் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் போட வேண்டியிருக்கிறது.

நேரம் அவள் கையில் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. பெண்ணின் பத்தாம் வகுப்புப் பரீட்சை மாசத்தில் பாதி ஃபைல்தான் எடுத்தாள், யாரிடமும் லீவு கேட்கவில்லை. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று பத்து நாள் கோபியில் இருந்து, அங்கிருந்தே நாலு ரிப்போர்ட் அனுப்பினாள். அதே சமயம், நியூஜெர்சிக்காரருக்கு ஞாயிறு காலை எட்டரை மணிதான் வசதி என்பதால் ஞாயிறு இட்லி எங்கள் வீட்டில் என் பொறுப்பு. மழைக்காலத்தில் சப்‑ரிஜிஸ்திரார் ஆபீசில் சர்வர் டவுன் என்றால் அன்றைக்கு முழுக்கப் போச்சு. நாள் போனதற்கு யாரும் காசு தர மாட்டார்கள். பேச ஆள் இல்லாத தனிமையும் உண்டு. ஆபீசில் டீ குடிக்கும்போது பக்கத்து சீட்டில் கேட்கிற சந்தேகத்தை இப்போது யாரிடம் கேட்பது? அவளும் இன்னும் மூன்று பெண் வக்கீல்களும் வியாழக்கிழமை சாயங்காலம் ஜெயநகரில் ஒரு தர்ஷினியில் நின்றுகொண்டே காபி குடித்து இதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள்.

பெங்களூரில் வாங்கப் போகிறவர்களுக்கு அவள் சொல்லச் சொன்னவை: முன்பணத்துக்கு முன்பே பத்திரத்தைக் காட்டுங்கள். வங்கி கடன் கொடுக்கிறது என்பதை நம்பி இருக்காதீர்கள், வங்கியின் வக்கீல் வங்கிக்காகப் பார்ப்பவர், உங்களுக்காக ஒருவர் தனியே பார்க்க வேண்டும். வெறும் பவரை வைத்து விற்கும் மனையை 2011 சூரஜ் லேம்ப் தீர்ப்புக்கு அப்புறமும் காட்டுகிறார்கள், ஓடி வந்துவிடுங்கள். நிலம் எப்போதாவது அரசாங்கம் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குக் கொடுத்த நிலமா என்று கேளுங்கள். 1978 சட்டப்படி அனுமதி இல்லாமல் விற்றது செல்லாது, அதைத் திரும்பக் கேட்கக் காலக்கெடு இல்லை என்று 2023இல் திருத்தமும் வந்துவிட்டது. பிபிஎம்பி என்று நாம் பழகிய மாநகராட்சி 2025இல் ஐந்தாகப் பிரிந்துவிட்டது, பழைய ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2024 அக்டோபரிலிருந்து இ‑காத்தா இல்லாமல் பதிவு நடக்காது.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, வக்கீலின் கணவன். பார் கவுன்சில் விதி 36 வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது, 2024இல் சென்னை உயர் நீதிமன்றம்கூட இணையத்தில் ஆள் பிடித்துக் கொடுக்கும் தளங்களைக் கண்டித்தது. ஆகவே தங்கமணியின் பெயர், ஃபோன் நம்பர் எதுவும் இங்கே கிடைக்காது. ஹாரோ மாமா பையனுக்கும் இதையேதான் சொன்னேன். அவன் ஹென்னூர் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறானாம், சொந்தக்காரன் என்று ஃபீஸில் தள்ளுபடி கேட்கிறான் :-)